ஒரு துப்புரவுப் பணியிடம்

எங்கள் பள்ளியில் ஆசிரியர் அல்லாதவர்கள் மூன்று விதமாகச் சம்பளம் வாங்கினோம். எனக்கு அரசின் காலமுறை ஊதியம். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் வந்து விழும். என் எதிர் மேசையில் இருந்த பெண் எழுத்தருக்கு மேனேஜ்மென்ட் சம்பளம். தாளாளர் நாகர்கோவிலில் இருந்து வருகிற நாளில் ஒரு கவருக்குள் வரும். பள்ளியைப் பெருக்கிய அம்மாளுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கூலி. கழகத்தின் கையில் பணம் இருக்கிறபோது கிடைக்கும்.

நாள் கிழமையோடு எழுதி வைப்பது என் பழக்கம். ஆனாலும் இதில் தேதிகளை விட்டுவிடுகிறேன். தேதி போட்டால் எந்தப் பள்ளி, யார் யார் என்று எங்கள் பக்கத்தில் பத்துப் பேருக்காவது தெரிந்துவிடும். மாதங்களை மட்டும் சொல்கிறேன். அவை சரியானவை.

பள்ளி மயிலாடிக்குப் பக்கம். அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. சாலைக்கு எதிரே சிற்பக்கூடங்கள் உண்டு. கல் அறுக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தொலைபேசியில் பேச முடியும். நான் அங்கே இளநிலை உதவியாளராகச் சேர்ந்து உதவியாளராக ஓய்வு பெற்றேன். இடையில் நடந்தவற்றுள் பெரும்பகுதி சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், கல்வி அலுவலகத்துக்குப் பதில் கடிதம் ஆகியவைதான். அவற்றைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லை. இந்த ஒரு பணியிட விஷயம் மட்டும் எழுதத் தகுந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் எழுத்தரைப் பற்றி. அவருக்குக் கடியப்பட்டணம். எம்.காம். படித்தவர். காலையில் இரண்டு பேருந்து மாறி வருவார். பெற்றோர்கள் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் யாரானாலும் எங்கள் ஊரில் டீச்சர்தான். அவர் மொத்தமாக வாங்கிய சம்பளம் என் சம்பளத்தில் படிகளாக வந்த தொகைக்குக் கிட்டத்தட்ட சமம். அதுவும் மே மாதத்துக்கு இல்லை. மேனேஜ்மென்ட் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களுக்கு மே மாதம் சம்பளம் இல்லாததால் அவருக்கும் இல்லை என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஆசிரியர்கள் மே மாதத்தில் வீட்டில் இருப்பார்கள். அலுவலகமோ மே மாதத்தில்தான் மூச்சுவிட முடியாமல் ஓடும். தேர்வு முடிவு, மாற்றுச் சான்றிதழ், புதிய சேர்க்கை எல்லாம் அப்போதுதான். அவர் ஒவ்வொரு மே மாதமும் வந்தார், சம்பளம் இல்லாமல். வராவிட்டால் ஜூனில் அந்த நாற்காலி இருக்குமா என்பது நிச்சயமில்லை. குழந்தை பிறந்தபோது அவருக்கு விடுப்பு என்று ஒன்று கிடையாது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

பெருக்கும் அம்மாள் பக்கத்து ஊர். அய்யாவழிக் குடும்பம். நெற்றியில் நாமம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. காலை மணி அடிப்பதற்கு வெகு முன்னால் வந்து முற்றம், வராந்தா, வகுப்பறைகள் எல்லாவற்றையும் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போவார். மதியம் திரும்பி வந்து கழிப்பறைகளைக் கழுவுவார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் பள்ளியில் எங்கும் இல்லை. ஆகவே அரசின் கணக்கில் அவர் அங்கே இல்லை.

அவருக்கு முன் அரசு ஊதியத்தில் ஒரு துப்புரவுப் பணியாளர் இருந்தார். அவர் ஓய்வு பெற்றதும், அந்த இடம் நிரப்பப்படும் வரைக்கும் என்று சொல்லி இந்த அம்மாளைக் கழகக் கூலிக்கு வைத்தார்கள். ஆசிரியர் அல்லாத பணியிடம் ஒன்று காலியானால் அதை நிரப்ப அனுமதி வரவேண்டும். தலைமையாசிரியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவர் கையெழுத்திலும் நான் அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. அந்த அம்மாள் பெருக்கிக்கொண்டே இருந்தார். மகளைக் கட்டிக் கொடுத்தார், பேரன் பிறந்தான். கடைசியில், ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டு மறுபடி பள்ளி திறந்த வாரத்தில், நிரப்பிக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. ஒரே ஒரு பணியிடம். துப்புரவுப் பணியாளர்.

அந்தச் சனிக்கிழமை தாளாளர் வந்தார். நகரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். வந்தால் தலைமையாசிரியரின் நாற்காலியில்தான் உட்காருவார். தலைமையாசிரியர் எதிரே பார்வையாளர் நாற்காலியில் உட்காருவார். எனக்கு இருவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல்.

பெருக்கும் அம்மாளுக்கு வயது வரம்பு கடந்துவிட்டது என்று நான் சொன்னேன். அது விதி. எதிர் மேசை எழுத்தருக்கு அந்தக் கல்வியாண்டோடு கடக்கிறது. அதையும் சொன்னேன். எழுத்தர் பணியிடம் என்று பள்ளிக்கு அனுமதிக்கப்பட்டது என்னுடையது ஒன்றுதான். நான் ஓய்வு பெறும்போது அவருக்கு வயது தாண்டிவிடும். எனவே அரசுச் சம்பளம் என்ற ஒன்று அவருக்குக் கிடைக்க வேண்டுமானால் இந்த ஓர் இடம்தான், இந்த ஓர் ஆண்டுதான்.

"அப்பம் அவளையே போட்டிருவோம்" என்றார் தாளாளர்.

தலைமையாசிரியர் தயங்கினார். "சார், எம்.காம். படிச்ச பொண்ணத் துப்புரவுக்குப் போட்டா ஆபீஸ்ல கேக்க மாட்டாவளா?"

"படிச்சவ தூக்கப்பிடாதுன்னு எந்த ஜி.ஓ.ல உண்டு? இவருகிட்ட கேளும்."

தூக்கது என்றால் எங்கள் பக்கத்தில் பெருக்குவது, வாரியல் என்றால் துடைப்பம். அப்படி ஒரு ஜி.ஓ.வை நான் படித்ததில்லை என்றேன்.

எழுத்தரைக் கூப்பிட்டார்கள். தாளாளர் அவரை மக்கா என்றுதான் அழைப்பார். "பேப்பர்லதான் மக்கா. உனக்க மேசை உனக்க மேசைதான். தூக்கதுக்கு அந்த அம்மா உண்டுல்லா. நீ பழையபடி கம்ப்யூட்டர் பாரு. சம்பளம் மட்டும் அந்தப் போஸ்ட்டுல வரும். என்ன சொல்லுத?"

எங்கள் மாவட்டத்தில் இதில் புதுமை ஒன்றும் இல்லை. காகிதத்தில் இரவுக் காவலராக இருந்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், காகிதத்தில் தண்ணீர் எடுப்பவராக இருந்து நூலகம் பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்தே பலர் உண்டு. எந்தக் கதவு திறக்கிறதோ அதன் வழியாக உள்ளே போவது என்பார்கள். துப்புரவுப் பணியிடத்தின் அடிப்படைச் சம்பளம் எழுத்தர் அப்போது வாங்கியதைப் போலப் பல மடங்கு. அவர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை வந்து, சரி என்றார். மாமியார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"வாரியல் பிடிக்கதுக்கா எம்.காம். படிச்சேன்னு மாமி கேட்டாவ சார். வீட்டுல சும்மாதானே பிடிக்கேன் மாமி, அங்க பிடிச்சா சம்பளம் உண்டுன்னு சொன்னேன். அப்புறம் பேச்சில்ல."

ஆய்வக உதவியாளர் வேடிக்கையாகப் பேசுகிறவர். எங்களிடம் டீ குடிக்க வந்திருந்த அவர், "இனி டீச்சருக்கு ரெண்டு ஆயுதம். ஒரு கையில பேனா, ஒரு கையில வாரியல்" என்றார்.

"ரெண்டும் கையில இருந்தா முதல்ல உமக்க மண்டைக்குத்தான்" என்றார் எழுத்தர்.

இந்த ஏற்பாட்டைப் பெருக்கும் அம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் நான் சொல்வேன் என்று இருந்தார். நான் அவர் சொல்வார் என்று இருந்தேன். இரண்டு வாரம் கழித்து, மதிய வேலை முடிந்து குழாயடியில் கைகால் கழுவிவிட்டு, அந்த அம்மாள் நேராக என் மேசைக்கு வந்தார். எழுத்தர் அப்போது வங்கிக்குப் போயிருந்தார்.

"சாரே, எனக்க போஸ்ட்ட டீச்சருக்குக் குடுத்திட்டியளாமே?"

வயது வரம்பை விளக்கினேன். அனுமதி கேட்டு எத்தனை கடிதம் எழுதினோம் என்பதையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"வயசு ஆயிட்டுன்னு சொல்லுதிய. இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள வச்சுத்தானே சாரே எனக்கு வயசாச்சு?"

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். பிறகு, "டீச்சரும் பிள்ளைகுட்டிக்காரிதான். சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் நான் வந்தபோது முற்றம் வழக்கம்போலச் சுத்தமாக இருந்தது. வேலையை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்த தலைமையாசிரியருக்கு அது நிம்மதி. அந்த அம்மாளுக்கு வேறு வேலை எங்கே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் பள்ளிக் குழு கூடி எழுத்தரை நியமித்தது. நியமனத்துக்கு ஒப்புதல் கேட்டுக் கருத்துரு அனுப்பினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், வெளியார்க்கு இது தெரியாது. நியமன ஆணை கையில் வந்த நாளோடு மேனேஜ்மென்ட் சம்பளம் நின்றுவிடும். அரசுச் சம்பளம் ஒப்புதல் வந்த பிறகுதான். நடுவில் உள்ள மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒப்புதல் வந்தால் நிலுவையாக எல்லாம் சேர்ந்து வரும். வராவிட்டால் அந்த மாதங்கள் போனவைதான். எழுத்தரின் விஷயத்தில் அவை மட்டும் போகாது. பழைய கவருக்கும் திரும்ப முடியாது, வயதும் தாண்டிவிடும்.

அந்த மாதங்களில் அவர் தாமதமாக வரத் தொடங்கினார். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டண வண்டிகளை எல்லாம் விட்டுவிட்டு அதற்காக நின்று ஏறி வந்தார். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பார். எழுத்தர் இப்போது வருகைப் பதிவேட்டின் கடைசி வரியில், துப்புரவுப் பணியாளர் என்று எழுதியிருந்ததற்கு எதிரே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து மட்டும் அழகான ஆங்கிலக் கையெழுத்து. அதைச் சின்னதாக, ஒதுங்கினாற்போலப் போடுவார்.

மாசியில் கல்வி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நியமிக்கப்பட்டவர் உண்மையில் அந்தப் பணியைச் செய்கிறாரா என்று நேரில் பார்க்க மறுநாள் அலுவலர் ஒருவர் வருகிறார். இப்படி ஒருவர் வந்தால் என்ன செய்வது என்பதில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பழக்கம் உண்டு. அன்று ஒரு நாள் எல்லோரும் காகிதத்தில் உள்ள வேலையைச் செய்வார்கள். இரவுக் காவலர் ஆய்வகத்தைவிட்டு வெளியே வந்து வாசலில் நிற்பார். நூலகம் பார்ப்பவர் குடத்தைத் தூக்குவார். காகிதத்தில் இல்லாதவர்கள் வரமாட்டார்கள்.

எனவே மறுநாள் பெருக்க வரவேண்டாம் என்று அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் ஆய்வக உதவியாளரை அனுப்பினார். அவர் மாலையில் அந்த அம்மாள் வீட்டுக்கே போனார். அங்கே கருப்பட்டிக் காப்பி கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இவர் "நாளைக்கு ஆபீசர் வாராரு" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

ஆபீசர் வருகிறார் என்றால் அந்த அம்மாளுக்கு அர்த்தம் ஒன்றுதான். மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாக வந்து, பள்ளியை மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, முற்றத்தில் தண்ணீர் தெளித்து, குப்பையைத் தென்னந்தோப்பு ஓரம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் போய்விட்டார். எழுத்தர் பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மயிலாடிக் கடையில் வாங்கிய புதிய ஈர்க்கில் வாரியலோடு வந்து இறங்கியபோது முற்றம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. பெருக்குவதற்கு ஓர் இலை இல்லை.

"இது என்ன சார் இப்படி?" என்றார் தலைமையாசிரியர் என்னைப் பார்த்து. பிறகு ஆய்வக உதவியாளரைப் பார்த்தார். "நீரு போய் என்னத்தச் சொன்னீரு?"

"ஆபீசர் வாராருன்னு சொன்னேன்."

"வரண்டாம்னு சொன்னீரா?"

"அது அவியளுக்கே புரியும்னு நினைச்சேன்."

"புரிஞ்ச லட்சணம் முற்றத்துல கிடக்கு, பாரும்."

மதியம் நெருங்கும்போது, அலுவலரின் ஜீப் நாகர்கோவிலில் இருந்து புறப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. அப்போதுதான் ஆய்வக உதவியாளருக்கு அந்த யோசனை தோன்றியது. முற்றத்து நடுவில் ஒரு மாமரம் உண்டு. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த நீளக் கம்பை எடுத்து அவர் கிளைகளை அடிக்கத் தொடங்கினார். உதிர்ந்தது போதாமல், தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்துத் தொங்கி உலுக்கினார். வகுப்பறை ஜன்னல்களில் பிள்ளைகள் தலைகள் தெரிந்தன. "லே, உள்ள இருங்கலே!" என்று தலைமையாசிரியர் கத்தினார். காய்ந்த இலை கொஞ்சம், பச்சை இலை நிறைய, அவற்றோடு மாவடுவும் உதிர்ந்தன. எழுத்தர் ஒரு கையில் வாரியலை வைத்துக்கொண்டு மறு கையால் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அது சிரிப்பாக இல்லை.

"டீச்சரே, தூங்க, தூங்க, வண்டி வந்தாச்சு" என்று பெருக்கச் சொல்லிவிட்டு ஆய்வக உதவியாளர் கம்போடு ஆய்வகத்துக்குள் ஓடினார்.

அலுவலர் எங்களைவிட இளையவர். தெற்கத்திப் பேச்சு இல்லை. ஜீப்பைவிட்டு இறங்கி, முற்றத்தில் நின்று, எழுத்தர் பெருக்குவதைப் பார்த்தார். அவர் பெருக்கியதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் தினமும் பெருக்குகிறவர்தானே. அலுவலர் குனிந்து ஒரு மாவடுவை எடுத்தார்.

"உங்க ஊர்ல பச்சை இலைதான் உதிருமா சார்?"

தலைமையாசிரியர், "மாசிக் காத்து சார்" என்றார். அன்று காற்றே இல்லை.

அலுவலர் மேலே மரத்தைப் பார்த்தார். மேலும் ஒரு மாவடு அவர் அருகில் விழுந்தது. அவர் எழுத்தரிடம் போனார். பெயர், நியமன நாள், எத்தனை வகுப்பறை, கழிப்பறைகள் எங்கே என்று கேட்டார். எழுத்தர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கருத்துருவில் எழுதியிருந்தது, படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

அந்த நேரத்தில் வெளிவாசல் வழியாகப் பெருக்கும் அம்மாள் உள்ளே வந்தார். மதிய வேலைக்கான நேரம் அது; வரவேண்டாம் என்று சொல்லி அனுப்ப எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இடுப்பில் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் கழிப்பறை வாளி, அதற்குள் பிரஷும் பினாயில் பாட்டிலும். தாம் பெருக்கிவிட்டுப் போன முற்றம் முழுவதும் இலை கிடப்பதையும், நடுவில் எழுத்தர் வாரியலோடு நிற்பதையும், பக்கத்தில் ஆபீசரையும் ஒரே சமயத்தில் பார்த்தார். நின்றுவிட்டார்.

அலுவலர் திரும்பி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். "நான்தான் இங்க தூக்கேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மை. அதைச் சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது. எழுத்தர் வாரியலின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இங்கன பக்கத்து வீடு சாரே" என்றார் அந்த அம்மாள். "மாவடு விழுந்து கிடக்குன்னு பிள்ள சொல்லிச்சு. பொறுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"வாளி எடுத்துட்டா?"

"ஊறுகாய்க்கு வேணும்லா, கொஞ்சம் போல பொறுக்கினா காணுமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. பிரஷையும் பினாயிலையும் வாளியோடு மதிலோரம் வைத்துவிட்டு, மடியை விரித்துக்கொண்டு எழுத்தரின் காலடியில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். அவர் பொறுக்கி முடித்த இடத்தை எழுத்தர் பெருக்கினார். அலுவலர் சிறிது நேரம் அதைப் பார்த்தார். மதிலோரம் இருந்த வாளியையும் பார்த்தார் என்றே நினைக்கிறேன். பிறகு உள்ளே வந்து இளநீர் குடித்தார். தம் கையில் இருந்த மாவடுவை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. பணியாளர் பணியில் உள்ளார்.'

புறப்படும்போது என்னிடம் மட்டும், "யாரு பணியில இருக்காங்கன்னு கேட்டு எழுதற மாதிரி எங்க ஃபார்ம்ல கட்டம் இல்ல சார். ஆள் இருக்கா இல்லையான்னுதான் கட்டம்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஒப்புதல் ஆணை மே மாதத்தில் வந்தது. நிலுவையும் அந்த மாதச் சம்பளமும் சேர்ந்து எழுத்தரின் கணக்கில் ஏறின. மே மாதத்துக்குச் சம்பளம் என்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் கழித்து, பெருக்கும் அம்மாள் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டு இருந்தபோது எழுத்தர் அங்கே போனார். விடுமுறைக் காலம், முற்றத்தில் வேறு யாரும் இல்லை. எங்கள் ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

"அக்கா, இதக் கொஞ்சம் வச்சுக்கிடுங்க."

"என்னது டீச்சரே?"

"நிலுவை வந்திருக்கு. இனி மாசாமாசமும் கொஞ்சம் தாரேன். நீங்கதானே செய்யுதிய."

"ஏட்டி, நீ எனக்குச் சம்பளம் போட்டா அப்பம் நான் உனக்க வேலைக்காரியா?" டீச்சர் என்ற சொல் போய்விட்டதை நான் கவனித்தேன். குரலில் கோபம் இல்லை. "கழகத்துக்காரன் தாரதக் கூட்டித் தரச் சொல்லு. அதுக்கு எழுது. அந்தப் பைசா எனக்க கூலி, வாங்குவேன். இது வேண்டாம்."

"அப்பம் அன்னைக்கு ஏன் அக்கா அப்படிச் சொன்னிய? உள்ளதச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா? உனக்கும் போவும், எனக்கும் வராது. ரெண்டு பேருக்கும் இல்லாம போறதுக்கு ஒருத்திக்காவது வரட்டும்." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "ஆனா ஒண்ணு செய்யணும். ஆபீஸ் ரூம் இனி நான் தூக்க மாட்டேன். அது நீ தூத்துக்கோ. தூக்கதுக்குச் சம்பளம் வாங்குதவ ஒரு ரூமாவது தூக்கண்டாமா?"

"தூக்கேன் அக்கா" என்றார் எழுத்தர்.

கூலியைக் கூட்டித் தரச் சொல்லிக் கழகத்துக்கு எழுதினோம். அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் கூட்டினார்கள். பேருந்துக் கட்டணம் கூட்டுகிற மாதிரி, சில்லறையாக.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எழுத்தர் கட்டண வண்டியில் வரத் தொடங்கினார், முன்பு வந்ததைவிடச் சீக்கிரமாக. வந்தவுடன் கைப்பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு அந்த ஈர்க்கில் வாரியலை எடுப்பார். ஈர்க்கில் வாரியல் முற்றத்துக்கு உரியது, அறைக்குப் பூந்துடைப்பம்தான் சரி என்று ஆய்வக உதவியாளர் சொல்லிப் பார்த்தார். அவர் மாற்றவில்லை. என் மேசைக்கு அடியில் வரும்போது, "சார், காலு" என்பார். நான் காலைத் தூக்குவேன். பெற்றோர் யாராவது அந்த நேரத்தில் வந்து, "டீச்சரே, நீங்களா தூக்கிய?" என்று கேட்டால், "எனக்க வேலைதானே" என்பார். அந்தப் பதிலை அவர் சொல்லும் விதத்தில் முதலில் ஒரு வெட்கம் இருந்தது, ஓணத்துக்குள் அது போய்விட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் பெரிதாயிற்று.

தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்து வேலை பார்ப்பவர் பெருக்குவது அலுவலகத்துக்கு அழகில்லை என்று நினைத்தார். ஒருநாள் பெருக்கும் அம்மாளை நிறுத்தி, அந்த ஓர் அறையையும் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்.

"அது போஸ்ட்டு உள்ள ரூம் சாரே. நான் போஸ்ட்டு இல்லாத ஆளு" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

கடியப்பட்டணத்தில் கோயில் திருவிழாவின் கடைசி நாளன்று எழுத்தர் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். தற்செயல் விடுப்பு. அதற்கு முன் ஆண்டுகளில் அதே நாளில் அவர் சம்பளத்தை இழந்து வீட்டில் இருந்திருக்கிறார், அல்லது திருவிழாவை விட்டுவிட்டு வந்திருக்கிறார். விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'சொந்த வேலை' என்றுதான் எல்லோரும் எழுதுவோம். அவர் 'ஊர்த் திருவிழா' என்று எழுதியிருந்தார்.

அன்று காலை நான் வந்து பூட்டைத் திறந்தேன். முந்தின நாள் கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகள், நூல் துண்டுகள், யாரோ பிள்ளை சீவிய பென்சில் தோல் எல்லாம் தரையில் அப்படியே கிடந்தன. வெளியே வராந்தாவில் பெருக்கும் சத்தம் நெருங்கி வந்தது. அந்த அம்மாள் அலுவலக வாசற்படி வரைக்கும் பெருக்கிக்கொண்டு வந்தார். படியில் வந்ததும் வாரியலைத் திருப்பி, குப்பையை அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனார். உள்ளே எட்டிப் பார்த்து, "டீச்சர் இன்னைக்கு லீவா?" என்று கேட்டார்.

"ஆமா, திருவிழா."

"சம்பளத்தோடயா?"

"சம்பளத்தோடதான்."

"நல்லது" என்றார். அடுத்த வகுப்பறைக்குப் போய்விட்டார். படிக்கு அந்தப் பக்கம் வராந்தா பளிச்சென்று இருந்தது. இந்தப் பக்கம் குப்பை மறுநாள் வரைக்கும் கிடந்தது.